நாலு போத்தலும் நீக்கிலாப்பிள்ளையும்

வணக்கம் சொல்லி நீட்டிய கையை நீக்கிலாப்பிள்ளை குலுக்குவதில்லை. சுட்டுவிரலைத் தனியே பிரித்தெடுத்து, அதன் நகத்தைத் தன் பெருவிரலால் ஒரு தரம் அமுக்குகிறார். நகம் வெள்ளையாகிறது. விட்டதும் சிவப்பு எவ்வளவு கெதியில் திரும்பி வருகிறது என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறார். வந்துவிட்டால், "ம், ஓடுது" என்கிறார். அதற்குப் பிறகுதான் வந்த காரியம் என்ன என்ற விசாரணை. வெளியூரிலிருந்து திருநாளுக்கு வந்த பெரிய சுவாமி ஒருவர் மோதிரத்தை முத்தமிடக் கை நீட்டியபோது, இவர் அதை விட்டுவிட்டு நகத்தை அமுக்கிப் பார்த்து "ஓடுது சுவாமி" என்று நற்செய்தி சொன்னதாக ஒரு கதை உண்டு. நான் அங்கே இல்லை. ஆனால் கதை நல்லதாக இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

பருத்தித்துறைக்குக் கிழக்கே, கடல் அரித்த மதில் ஒன்றுக்குப் பின்னால் இருக்கிற சின்ன டிஸ்பென்சரியில் அவர் அப்போதிக்கரி, டொக்டருக்கு ஒரு படி கீழே. வயது ஐம்பத்தெட்டு. 'டொக்டர் செவ்வாய்தோறும் வருவார்' என்று வாசல் பலகையில் எழுதிக் கிடக்கிறது. செவ்வாய்தோறும் தவறாமல் வருவது பலகை மட்டும்தான். ஆகவே தலைவெடிப்புக்குத் தையல், காலில் ஏறிய கண்ணாடித்துண்டு, திருக்கை குத்திய குதிகால், கையில் ஏறிய தூண்டில் முள் எல்லாம் அவருடைய கைக்குத்தான் வந்து சேருகின்றன. சனம் "டொக்குத்தரையா" என்று கூப்பிட்டால் ஒவ்வொரு தரமும் திருத்துவார். "டொக்குத்தர் பலகையிலை இருக்கிறார். நான் அப்போதிக்கரி."

அந்தக் கைவேலைகளுக்கெல்லாம் முன்னால் ஒரு ஊசி இருக்கிறது. வெட்டித் தைக்கப் போகிற இடத்தை மட்டும் மரக்கச் செய்கிற ஊசி. லிக்னோக்கேன் என்று அதற்குப் பெயர். பல்லுப் பிடுங்கியவர்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும், பெயர்தான் தெரியாது. எங்கள் கரையில் அது விறைப்பு மருந்து. நீக்கிலாப்பிள்ளை அதை மற்ற மருந்துகளைப் போல நடத்துவதில்லை. வீட்டுக்கு வந்த சம்பந்திமாரை நடத்துகிற மாதிரி, மரியாதையோடும் ஒரு கண் சந்தேகத்தோடும் நடத்துகிறார்.

முதலில் போத்தலைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்காருவார், அடைக்கு வைத்த முட்டையைப் போல. குளிர்ந்த மருந்து எரியுமாம், உடம்புச் சூட்டுக்கு வந்தது எரியாதாம். அந்த நேரத்தில் ஆளை மேலும் கீழும் அளப்பார். அவருடைய தகப்பனார் மீன் சந்தையில் ஏலம் கூறுகிறவர். தராசு இல்லாமல் சுறாவின் எடையைச் சொல்வாராம். மகனுக்கு அந்தக் கண் வந்திருக்கிறது. மருந்தின் அளவு ஆளின் எடையைப் பொறுத்தது என்பதால் கண்ணாலேயே நிறுத்துவிட்டு, "ஐம்பத்திரண்டு கிலோ, செவுளோடை" என்பார். குணலட்சுமி ரீச்சர் தன்னுடைய எடை நாற்பத்தெட்டு என்று வாதாடினார். "ரீச்சர், நீங்கள் கலியாணப் பேச்சுக்கு நாப்பத்தெட்டு எண்டு சொல்லுங்கோ. ஊசிக்கு அறுபத்தொண்டு" என்று வந்த பதிலோடு ரீச்சர் அந்தப் பக்கம் தும்முவதற்கும் போவதில்லை.

பிறகு விசாரணை. "முந்திப் பல்லுப் பிடுங்கேக்கை ஊசி போட்டதோ? போட்டாப் பிறகு எழும்பி நடந்து போனியோ, உன்னைத் தூக்கிக்கொண்டு போனவையோ?" தூக்கிக்கொண்டு போனவர்களை அவர் தொடுவதில்லை, பெரியாசுப்பத்திரிக்குத் துண்டு எழுதி அனுப்பிவிடுகிறார். மற்றவர்களுக்கு ஊசியை ஏற்றியதும் உடனே அமுக்கமாட்டார். பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பார். இரத்தம் வந்தால் ஊசி இரத்தக் குழாய்க்குள் இருக்கிறது. மருந்து நேரே நெஞ்சுக்குப் போய்விடும். வெளியே எடுத்து வேறு இடம் பார்க்கவேண்டும். வராவிட்டால்தான் மெதுவாக, மிக மெதுவாக அமுக்குவார். செபமாலை சொல்லத் தொடங்குகிறவர்கள் அவர் முடிப்பதற்குள் ஒரு பத்து மணி சொல்லிவிடலாம். நான் குறைத்துத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு வருவதுதான் ஊரில் அவருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்த பகுதி. "கதை" என்பார்.

என்ன கதைப்பது என்று கேட்டால், எதையாவது கதை என்பார். கொண்டல் காற்றைப் பற்றிக் கதை, மாமியாரைப் பற்றிக் கதை, ஆர் ஆரோடை கோபம் எண்டு கதை. மருந்து விறைக்கிற அந்த ஐந்து பத்து நிமிடமும் வாய் ஓயக்கூடாது. ஊர் இதை விடுப்பு, ஊர்வம்பு கேட்பது என்று எடுத்துக்கொண்டது. கரையில் எந்த வீட்டில் எந்தப் பானை உடைந்தாலும் அவருக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அவர் பானையைப் பற்றிக் கேட்பதில்லை, நாக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மருந்து உடம்பில் கூடிப்போனால் முதலில் நாக்குத்தான் காட்டிக்கொடுக்கும். சொல் குழறும். வாயைச் சுற்றி எறும்பு ஊருவது போலிருக்கும். காதுக்குள் மணி அடிக்கும். "மருந்துக்கு வாயில்லை, ஆளுக்கு இருக்கு. அதுதான் கதைக்கச் சொல்லுறன்" என்பது அவருடைய விளக்கம். ஒருநாள் பேதுரு என்பவர் காதுக்குள் மணி கேட்குது என்று சொல்ல, நீக்கிலாப்பிள்ளை கையில் எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாடியைப் பிடித்து, நெஞ்சைக் கேட்டு, காலை உயர்த்திப் படுக்க வைத்துப் பெரும் அமளி. கடைசியில் அது அந்தோனியார் கோயில் மணி. பன்னிரண்டு மணிக்கு அடிப்பதைப் பதினொன்றேமுக்காலுக்கு அடித்த கோயிற் பணியாளான சங்கிலித்தாமுக்கு அன்று பின்னேரமே எச்சரிக்கை போயிற்று.

என் முழங்காலுக்கு அவர் ஐந்து தையல் போட்டபோது நானும் கதைத்தேன். சாக்குக் கணவாய் ஒன்று கரையேறி வந்து, எங்கள் வளவுப் பனையில் எட்டுக் கையாலும் ஏறி, நுங்கு குடித்துவிட்டுக் கோம்பையைக் கீழே போட்ட கதை. என் கண்ணால் கண்டது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு என் மருந்து மட்டையில் எழுதியதை நான் தலைகீழாக வாசித்தேன்: 'நாக்குத் தடுமாற்றம் இல்லை. பொய் சரளம்.'

இந்த மருந்தைக் கேட்டுக் காயமில்லாதவர்களும் வருவார்கள். சேவல் சண்டைக்கு முன் சேவலுக்கு ஒரு ஊசி என்று ஒருவர். கால் ஆணியைத் தானே வெட்ட, வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுபோகலாமா என்று ஒருவர். எல்லாவற்றையும்விட நல்ல விண்ணப்பம், அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தூக்குக் காவடி எடுக்க நேர்த்தி வைத்த ஒரு மீசைக்காரருடையது. முதுகில் செடில் கொக்கி குத்துகிற இடங்களில், ஒருவருக்கும் சொல்லாமல் காலையில் ஒரு ஊசி போட்டுவிட முடியுமா என்று காதோடு கேட்டார். நீக்கிலாப்பிள்ளை வேதக்காரர். இருந்தாலும் அம்மன் பக்கம் நின்று கதைத்தார். "தம்பி, முதுகு விறைச்சால் செடில் தசையைக் கிழிக்கிறது உமக்குத் தெரியாது. நோவு எண்டது உடம்பின்ரை காவல்காரன். காவல்காரனை நித்திரையாக்கிறதெண்டால் நான் பக்கத்திலை நிக்கோணும். தேருக்குப் பின்னாலை என்னையும் தூக்கிக்கொண்டு போறியளோ?" மீசைக்காரர் அந்த வருடம் பாற்காவடி எடுத்தார்.

இனிச் சிவப்பு நூலுக்கு வரவேண்டும். அதுதான் ஒரு விரலை ஏறக்குறைய விழுங்கப் பார்த்தது.

விறைப்பு மருந்து இரண்டு சாதி. ஒன்று வெறும் மருந்து. மற்றதில் அட்ரினலின் என்று ஒன்றைக் கலந்திருக்கிறார்கள். அது இரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும். தலைவெடிப்புப் போல இரத்தம் கொட்டுகிற இடத்துக்கு அது தேவாமிர்தம். ஆனால் விரலுக்கு ஆகாது. விரலுக்குள் போகிற குழாய் சின்னது, அதையும் இறுக்கினால் விரலுக்கு வேறு வழியால் இரத்தம் வராது. கறுத்துப் போகும் என்று படித்த நாளிலிருந்து அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். "உடம்பிலை நீட்டிக்கொண்டு நிக்கிற ஒண்டுக்கும் உது ஆகாது" என்பார். விரல், கால்விரல், மூக்கு நுனி, காது மடல் என்று எண்ணிக்கொண்டு வந்து, பெண்கள் நின்றால் அந்த இடத்தில் இருமுவார். ஆண்கள் மிச்சத்தைத் தாங்களே எண்ணிப் பார்த்துக்கொண்டு காலைக் குறுக்காக்கி உட்காருவார்கள்.

போன மாரியின் கடைசி மழையில் கப்பலில் வந்து, சைக்கிள் கரியரில் நனைந்துகொண்டு சேர்ந்த பெட்டியில் இரண்டு சாதியும் இருந்தன. வெறும் மருந்து ஆறு, கலந்த மருந்து மூன்று. ஒரே போத்தல், ஒரே மூடி. லேபிள்கள் ஊறி, கையோடு வரத் தொடங்கியிருந்தன. எழுத்துத் தெரிகிற நேரத்துக்குள் நீக்கிலாப்பிள்ளை கலந்த மருந்து மூன்றின் கழுத்திலும் சிவப்பு நூலைக் கட்டினார். பிறகு கடுதாசியில் பெயர் எழுதிச் சோற்றுப் பசையால் ஒட்டியும் பார்த்தார். கரப்பான்பூச்சிகள் பசையைத் தின்றன. பசி அடங்காமல் பெயரையும் தின்றன. கடைசியில் நூல்தான் மிஞ்சியது. சிவப்பு நூல் என்றால் விரலுக்குக் கிட்டக் கொண்டுபோகாதே. நூல் இல்லை என்றால் வெறும் மருந்து. இந்தச் சட்டம் அவருக்கு முழுக்கப் பாடம். வேறு ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை. அங்கேதான் பிழை.

அங்கே வேலைசெய்கிற மற்ற ஆள் மகாதேவி. கூட்டுவது, கண்ணாடிச் சிரிஞ்சுகளைச் சிரட்டை அடுப்பில் அவிப்பது, கட்டுத் துணி தோய்ப்பது, வரிசையில் நிற்பவர்களை அதட்டுவது எல்லாம் அவள். எட்டாம் வகுப்பு மட்டும் படித்தவள், ஆனால் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது. அலுமாரியைத் துடைக்கிறபோது அவள் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். நூல் கட்டிய மூன்று போத்தலும் மூன்று மாதமாக அப்படியே இருக்கின்றன. நூல் கட்டாத ஆறு ஐந்தாகி, மூன்றாகி, இப்போது ஒன்று. அந்த மூன்று மாதமும் தலை உடைந்து ஒருவரும் வராதது அவளுடைய கணக்கில் இல்லை. காப்பு நூலின் சக்தியை அறிந்த எந்தப் பெண்ணும் இதற்குமேல் கைகட்டி நிற்கமாட்டாள். மிஞ்சியிருந்த ஒன்றையும் மகாதேவி கண்களில் ஒற்றி, மேசை லாச்சியில் கிடந்த அதே சிவப்பு நூற்பந்தில் ஒரு முழம் அறுத்து, அதன் கழுத்தில் கட்டி, மற்ற மூன்றோடும் நெருக்கமாக வரிசையில் நிறுத்திவிட்டாள்.

சோளகக் காற்று தொடங்கிய கிழமை, ஒரு காலை. தையல் வெட்டுவதற்காக நான் நீள வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருமலோடு இரண்டு கடற்றொழிலாளிகள். தேவராசா வலது சுட்டுவிரலை மெழுகுதிரி மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். விரலுக்குள் ஒரு பெரிய தூண்டில் முள், கூரும், பின்னுக்கு வரவிடாத கொளுக்கியும் உள்ளே, தண்டு மட்டும் வெளியே, அதில் ஒரு சாண் தங்கூசி நூல் ஆடிக்கொண்டு. பின்னால் மனைவி யோசப்பின். நடந்தது முழுவதையும் அவள் படலையிலேயே சொல்லத் தொடங்கிவிட்டாள். தேவராசா வாய் திறக்கவில்லை. அவன் திறப்பதும் இல்லை. கலியாணத்தன்று சுவாமி கேட்ட கேள்விக்கு அவன் "ஓம்" என்று சொன்னதுதான் கடைசி என்று யோசப்பினே சொல்வாள்.

அந்த விரலைப் பற்றிச் சொல்லவேண்டும். போர் நடக்கிற, இஞ்சின் ஓட எண்ணெய் இல்லாத காலம் இது. வலைகளில் பாதி எரிந்து போயிற்று. தேவராசா கைத்தூண்டில்காரன். கட்டுமரத்தில் போய், தங்கூசியைச் சுட்டுவிரலின் மேலால் விட்டுக்கொண்டு உட்காருவான். கீழே தொட்டது கல்லா, கலவாயா, விளைமீனா என்று அந்த விரல் சொல்லும். வீட்டில் ஆறு வாய். ஆறுக்கும் அந்த ஒரு விரல்தான் சமைத்துப் போடுகிறது.

"இழுத்து விடுங்கோ ஐயா" என்று யோசப்பின் சொன்னாள். "இவர் தாங்குவார்."

நீக்கிலாப்பிள்ளை விரலைத் திருப்பிப் பார்த்தார். கொளுக்கி, விரலை மடக்குகிற நாரின் அடியில் போய்க் கொழுவியிருந்தது. அவன் தாங்குவான், விரல் தாங்காது என்றார். ஒரு துள்ளுத் துள்ளினால் நார் அறுந்து, விரல் பிறகு மடங்காது. முள்ளை முன்னுக்குத் தள்ளி, கூரை வெளியே எடுத்து, கொளுக்கியை வெட்டி, வந்த வழியே திருப்பி எடுக்கவேண்டும். அதற்கு விரல் பிணம் மாதிரிக் கிடக்கவேண்டும். பெரியாசுப்பத்திரிக்குப் போகிற பாதையின் மேலே காலையிலிருந்து ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றிக்கொண்டிருந்தது. ஆகவே இங்கேதான். ஒரு போத்தல் வெறும் மருந்து இருக்கிறது என்று அவருக்கு நிச்சயம். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார்.

திறந்தவர் திரும்பவில்லை. முதுகைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு நாலு போத்தலையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். நாலு கழுத்திலும் சிவப்பு நூல். அடுப்படியில் சிரிஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. மகாதேவி தேவைக்குமேல் ஊதி, புகைக்குப் பின்னால் மறைந்திருந்தாள். நீக்கிலாப்பிள்ளை அவளைக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். புகை கலைந்தது.

"நான்தான் ஐயா கட்டினனான்" என்றாள். "கட்டினது மூண்டும் அப்பிடியே இருக்கு. கட்டாதது எல்லாம் முடிஞ்சுபோச்சு. இதுவும் போயிட்டுதெண்டால் வாற சனத்துக்கு என்ன செய்யிறது எண்டு..."

"அது நூலாலை குறையாமல் இருக்கேல்லை, மகாதேவி. நான் தொடாததாலை குறையேல்லை."

"நீங்கள் தொடாமல் விட்டது நூலைப் பாத்துத்தானே ஐயா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

யோசப்பினுக்கு இந்தத் தர்க்கம் ஒன்றும் ஏறவில்லை. நாலும் விறைக்கிற மருந்துதானே, ஒன்றைப் போடுங்கோவன் என்றாள். நீக்கிலாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். "நாலும் விறைக்கும், பிள்ளை. நாலிலை மூண்டு, விறைச்ச விரலைத் திருப்பித் தராமல் விட்டாலும் விடும்." அதைக் கேட்டதும், கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக யோசப்பினும் பேசாமல் நின்றாள். தேவராசா தன் விரலைப் பார்த்தான்.

பிறகு போத்தல்களைப் பார்த்தான். இடது கையால் ஒன்றை எடுத்து, கழுத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திருப்பினான். வைத்தான். அடுத்ததை எடுத்தான். நாலாவதைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டு, இடது சின்னி விரலால் அதை மற்ற மூன்றிலிருந்தும் தள்ளி வைத்தான்.

"மூண்டு எங்கடை முடிச்சு" என்றான். "வலை பொத்திற முடிச்சு. இது வேறை."

நீக்கிலாப்பிள்ளை கடற்கரையில் பிறந்தவர். அப்போதிக்கரியானாலும் கை மறக்கவில்லை. நூல் என்றால் அவருடைய விரல்கள் வலைக்காரன் முடிச்சைத்தான் போடும், தான் போடுவது அவருக்கே தெரியாது. மகாதேவி மேசைக்குக் கிட்ட வந்து, தள்ளி வைத்ததைக் குனிந்து பார்த்தாள். "ஓம் ஐயா, இது என்ரை. மூண்டு சுத்து, மூண்டு முடிச்சு. கோயிலிலை ஐயர் கட்டிறமாதிரிக் கட்டினனான்."

வாங்கில் இருந்த எல்லோருக்கும் வழக்கு முடிந்துவிட்டது. நீக்கிலாப்பிள்ளைக்கு முடியவில்லை. "முடிச்சுச் சொல்லிப்போட்டுது. மருந்து இன்னும் சொல்லேல்லை" என்றார். இடது கையின் சட்டையைச் சுருட்டினார். மகாதேவி கொண்டுவந்த சட்டியிலிருந்து இரண்டு ஊசியை எடுத்து, கோயில் முடிச்சுப் போத்தலிலிருந்து ஒரு துளியும், வலை முடிச்சுப் போத்தல் ஒன்றிலிருந்து ஒரு துளியும், தன் முழங்கைக்குக் கீழே தோலுக்குள் இரண்டு இடத்தில் ஏற்றினார். இரண்டு நுளம்புக் கடி அளவு வீக்கம். பேனையால் ஒன்றைச் சுற்றி வட்டம், மற்றதைச் சுற்றிச் சதுரம். நாங்கள் ஆறுபேரும் அந்தக் கையைச் சுற்றி நின்று, அடைக்கு வைத்த முட்டை வெடிப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தோம்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு சதுரத்துக்குள் இருந்த தோல் மெல்ல வெளிறியது. இன்னும் வெளிறியது. உரித்த கோழியின் தோல் மாதிரி, மயிர்க்கால் குத்திட்டு, வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டு. வட்டத்துக்குள் வெள்ளை இல்லை. மெல்லிய சிவப்புத்தான். சதுரம் வலை முடிச்சு. வட்டம் கோயில் முடிச்சு.

"இப்ப ரெண்டும் ஒரே கதை சொல்லுது" என்றார். ஆனாலும் எங்களைப் பார்த்து, பெயர் தெரியாத போத்தலை எறிவதுதான் சட்டம், தான் செய்தது மற்ற ஒருவரும் செய்யக்கூடாதது, தானும் இனிச் செய்யப்போவதில்லை என்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்துவிட்டுத்தான் போத்தலைக் கைக்குள் பொத்தினார்.

விரலின் அடியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். இரத்தம் இல்லை. மெதுவாக அமுக்கினார். ஊசியை எடுத்தார். எடுத்ததும், "கதை" என்றார்.

"இவர் ஒண்டும் கதைக்கமாட்டார் ஐயா, நான் சொல்லுறன், காலமை..."

"நீ சும்மா இரு, பிள்ளை. உன்ரை நாக்கு விறைக்கேல்லை எண்டு ஊருக்கே தெரியும். தேவராசா, நீ கதை."

தேவராசா கூரையைப் பார்த்தான். ஒரு நிமிடம் போயிற்று. வாயைச் சுற்றி எறும்பு ஊருகிறதா என்று கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினான். தலையாட்டு நீக்கிலாப்பிள்ளைக்குச் செல்லாது. மாமியாரைப் பற்றிக் கேட்டார். காற்றைப் பற்றிக் கேட்டார். கடைசியில் சாய்ந்து உட்கார்ந்து, கரையில் ஒருவரும் இன்னொருவரிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார். "நேற்று அவ்வளவு விளைமீன் எங்கை பிடிச்சனி?"

வாங்கில் இருமல்காரர் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கைத்தூண்டில்காரன் தன்னுடைய பாரை, அதாவது கடலடியில் மீன் கூடுகிற அந்தக் கல்லை, சாகும்போது மகனுக்குத்தான் காட்டுவான். தேவராசா அவர்களை ஒரு தரம் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"வெளிச்சவீட்டை இடத்தோளிலை வைச்சுக்கொண்டு நேரே துடுப்பு வலிக்கோணும்" என்று தொடங்கினான். "கோயில் கோபுரம் பனைக்குள்ளை தாழும். தாழ்ந்தாப் பிறகு முந்நூறு வலி. தண்ணி நிறம் மாறும். ஒரு இடத்திலை கல்லிலை நுரை சுத்தும், அதுக்கு வாடைப் பக்கமாக் கல்லை இறக்கினால், விளைமீன் நூலுக்குப் பசியிலை வரிசையிலை நிக்கும். முதல் மீனை விடோணும். அது காவல் மீன். அதைப் பிடிச்சால் மற்றது வராது." ஒரு இடத்தில் தடுக்கவில்லை. ஒரு சொல் குழறவில்லை. நாங்கள் அவன் வாயிலிருந்து வருடக்கணக்கில் கேட்டிராத அத்தனை சொல்லும் அன்று ஒன்றாக வந்தன. இருமல்காரர்களின் உதடுகள் 'முந்நூறு வலி' என்று சத்தமில்லாமல் பாடமாக்கின. நான் மட்டும், தொழில் தெரிந்தவள் என்பதால், காவல் மீன் வந்த இடத்தில் அவனுக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் வைத்தேன்.

நீக்கிலாப்பிள்ளை ஊசி நுனியால் விரலைக் குத்தினார். "தெரியுதோ?" தெரியவில்லை. வலித்தால் உடனே சொல், பொறுக்காதே, பொறுத்தால் பரிசு ஒன்றும் இல்லை என்றார். பிறகு முள்ளை முன்னுக்குத் தள்ளினார். கூர் தோலைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. குறடு ஒரு தரம் கடித்தது, கொளுக்கி மேசையில் விழுந்து துள்ளியது, தண்டு வந்த வழியே திரும்பி வந்தது. யோசப்பின் கண்ணைத் திறக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

கட்டுப் போடுமுன் நகத்தை அமுக்கினார். வெள்ளை. விட்டார். சிவப்பு, அடியிலிருந்து நுனிக்கு, அவசரமில்லாமல் ஏறி வந்தது.

"ஓடுது" என்றார்.

விறைப்பு எடுபடும்வரை அடுப்புக்கும் கயிற்றுக்கும் கிட்டப் போகாதே, சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது என்று தேவராசாவுக்குச் சொல்லிவிட்டு, அதையே யோசப்பினுக்கும் ஒரு தரம் சொன்னார். "விறைச்ச விரல் இரவல் விரல். பாத்து வைச்சிருந்து குடுக்கோணும்." அவன் மட்டையில் என்ன எழுதினார் என்று நான் தலைகீழாக வாசித்தேன். புதிதாக ஒன்றுமில்லை. எனக்கு எழுதிய அதே இரண்டு வரிதான். அடுத்த நாள் விடிய, வெளிச்சவீட்டை இடத்தோளில் வைத்துக்கொண்டு மூன்று கட்டுமரங்கள் போயின. சொறி மீன் பட்டு உடம்பெல்லாம் தடித்துக்கொண்டு திரும்பி வந்து, மத்தியானம் டிஸ்பென்சரியில் வரிசையில் நின்றன. கட்டுமரங்கள் இல்லை, அதில் போனவர்கள்.

இரண்டு கிழமையில் தேவராசா தொழிலுக்குப் போய்விட்டான். பேச்சு பழையபடி நின்றுவிட்டது. ஆனால் நீக்கிலாப்பிள்ளையை எங்கே கண்டாலும், சந்தையானாலும் பூசையானாலும், ஒன்றும் சொல்லாமல் சுட்டுவிரலை நீட்டுகிறான். அவர் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

போன மாதம் கப்பல் வந்தது. பெட்டி இந்த முறை நனையவில்லை. நான் முழங்காலைக் காட்டப் போயிருந்தேன். முழங்காலில் ஒன்றுமில்லை, பெட்டியைப் பார்க்கத்தான் போனேன். அலுமாரிக் கதவின் உட்புறத்தில் புதிதாக ஒரு மட்டை தொங்கியது. எந்த நூல் எந்த மருந்து என்று கொட்டை எழுத்தில், கரப்பானுக்கு எட்டாமல் ஆணியில். நீக்கிலாப்பிள்ளை ஒவ்வொரு போத்தலாக எடுத்து லேபிளைச் சத்தமாக வாசித்தார். பிறகு மகாதேவியிடம் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தாள். இருவரும் ஒன்றையே வாசித்தால்தான் போத்தல் அலுமாரிக்குப் போயிற்று. கலந்த மருந்துகளின் கழுத்தில் அவர் வழக்கம்போல் சிவப்பு நூலைக் கட்டினார், வலை முடிச்சு.

வெறும் மருந்து வந்தது. லாச்சியைத் திறந்து புதிய வெள்ளை நூற்பந்து ஒன்றை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். மகாதேவி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். அவர் போத்தலைக் கழுத்துத் தெரியப் பிடித்து, நூற்பந்தோடு அவள் பக்கம் நீட்டினார்.